யார் ஜாடை? கருமுட்டை தானம் பற்றி முதன்முறையாகப் படிப்பவர்களுக்கு

"குழந்தைக்கு என் ஜாடை வராதுல்ல?"

கருமுட்டை தானம் என்ற வார்த்தையை மருத்துவரிடம் முதன்முறையாகக் கேட்டுவிட்டு வெளியே வரும் பெண்களில் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். வெற்றி வாய்ப்பு எவ்வளவு, ஊசி வலிக்குமா, எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடவும் முடியாது. முட்டை என்ன செய்கிறது, கர்ப்பப்பை என்ன செய்கிறது என்பது பிடிபட்டால்தான் ஜாடையைப் பற்றிப் பேச முடியும். அதனால் முதலில் உடம்பைப் பார்ப்போம்.

விஷயம் சுருக்கமாக இதுதான். இன்னொரு பெண்ணின் சினைப்பையிலிருந்து முட்டைகளை எடுக்கிறார்கள். உங்கள் கணவரின் விந்தணுவோடு அவற்றை ஆய்வகத்தில் சேர்க்கிறார்கள். உருவாகும் கருவை உங்கள் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். அதன்பிறகு எல்லாம் உங்களுடையது: மசக்கை, வயிற்றுக்குள் முதல் அசைவு, பிரசவம், தாய்ப்பால். வாடகைத்தாய் முறையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் குழந்தையைச் சுமப்பது வேறொருவர். இங்கே சுமப்பது நீங்கள், முட்டை மட்டும் வேறொருவருடையது.

முட்டைக்கும் வயது உண்டு

ஒரு பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்திருக்கும். பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாள் முழுக்க மாதாமாதம் முதிர்ந்து வெளியே வருபவை 400, 500 முட்டைகள்தான். மீதி எல்லாம் சத்தமில்லாமல் கரைந்து போகின்றன. ஆண்களுக்கு விந்தணு தினமும் புதிதாக உற்பத்தியாகிறது. பெண்ணுக்கு அப்படியில்லை. 40 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 40தான்.

இந்த வயதுதான் பிரச்சினையின் வேர். முட்டை முதிரும் கடைசிக் கட்டத்தில் அதிலுள்ள 46 குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை, சரிபாதியாகப் பிரித்து 23 ஆக்க வேண்டும். பல வருடங்கள் காத்துக்கிடந்த முட்டையில் அந்தப் பிரிப்பு அடிக்கடி தவறிவிடுகிறது. ஒன்று கூடிவிடும், அல்லது ஒன்று குறைந்துவிடும். அப்படிப்பட்ட முட்டையில் உருவாகும் கரு பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் பல சமயம் கலைந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக நடக்க முக்கியக் காரணம் இதுவே. அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை படி ஏறினார்கள் என்பதெல்லாம் இதில் வராது. இதைச் சொல்லும்போது எத்தனையோ முகங்கள் இறுக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். கலைந்ததற்குத் தாங்கள்தான் காரணம் என்று வருடக்கணக்கில் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கர்ப்பப்பை வேறு மாதிரி. முட்டை முதுமையடையும் வேகத்தில் அது முதுமையடைவதில்லை. அமெரிக்காவில் மார்க் சாவர் என்ற மருத்துவரின் குழு, சினைப்பை செயலிழந்த 40 முதல் 44 வயதுப் பெண்களுக்கு இளம்பெண்களின் முட்டையில் உருவான கருவை வைத்துப் பார்த்து, 1990-ல் முடிவை வெளியிட்டது. வயதில் இளையவர்களுக்குக் கிடைத்ததைப் போன்ற பலனே இவர்களுக்கும் கிடைத்தது. மாதவிடாய் நின்றுபோன பெண்ணின் கர்ப்பப்பைக்கும் சரியான ஹார்மோன்களைச் சரியான வரிசையில் கொடுத்தால் அது கருவை ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

அதனால்தான் வெற்றி வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது உங்கள் வயதைவிட முட்டை கொடுப்பவரின் வயது முக்கியமாகிறது. நல்ல மையங்களில், தானமாகப் பெற்ற முட்டையிலிருந்து வந்த ஒரு கருவை வைத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குழந்தை பிறக்கிறது. 43, 44 வயதில் சொந்த முட்டையோடு ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் சிகிச்சை செய்பவர்களுக்கு அந்த வாய்ப்பு நூற்றில் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். பாதி என்றால் மறுபாதியும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் முறை பலிக்காமல் போவது சாதாரணம்.

யாருக்கு இது தேவை?

நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயல் நின்றுபோனவர்கள் முதல் வகை. நூறு பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி நேர்கிறது. பலருக்குக் காரணமே தெரியாது. புற்றுநோய்க்காகக் கீமோவோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், இரண்டு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் இழந்தவர்கள், டர்னர் சின்ட்ரோம் போன்ற பிறவிக் குறை உள்ளவர்கள், குழந்தைக்குக் கடத்தக்கூடாத மரபுவழி நோயைச் சுமப்பவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். டர்னர் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின்போது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. இதய மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்துச் சரி என்று சொல்லாமல் இந்தப் பாதையில் ஓர் அடிகூட வைக்கக்கூடாது.

இன்னொரு பெரிய வகை, வயது காரணமாகவோ முட்டையின் தரம் காரணமாகவோ ஐவிஎஃப் திரும்பத் திரும்பத் தோற்றவர்கள். இங்கேதான் எனக்கு ஒரு கவலை. ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுத்து, அளவு குறைவு என்று காட்டி, 'தானம்தான் வழி' என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடும் இடங்கள் இருக்கின்றன. ஏஎம்ஹெச் சொல்வது கையிருப்பில் எத்தனை முட்டை இருக்கும் என்ற தோராயமான கணக்கு. முட்டை நல்லதா இல்லையா என்பதை அது சொல்லாது. 30 வயதில் ஏஎம்ஹெச் குறைவாக இருக்கும் பெண்ணிடம் முட்டைகள் குறைவாக இருக்கலாம், ஆனால் அவை 30 வயது முட்டைகள். அவருக்கு இயற்கையாகவேகூடக் குழந்தை உண்டாகலாம். ஆகவே ஒற்றைத் தாளை நம்பித் தலையாட்டிவிடாதீர்கள். ஸ்கேனில் சினைப்பையில் தெரியும் சிறு நீர்ப்பைகளின் எண்ணிக்கை, உங்கள் வயது, முந்தைய சிகிச்சைகளில் நடந்தது, கணவரின் விந்தணு நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் இன்னொரு மருத்துவரையும் ஒருமுறை கேளுங்கள்.

முதல் குழந்தைகள்

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். சோதனைக்குழாய் முறையில் பிறந்த முதல் குழந்தை. அந்த ஆய்வை முன்னெடுத்த ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்புக்கு வெளியே கருவை உண்டாக்க முடியும் என்று ஆனபிறகு, முட்டை ஒருவருடையதாகவும் கர்ப்பப்பை இன்னொருவருடையதாகவும் இருக்கலாமே என்ற எண்ணம் வர அதிக காலம் ஆகவில்லை. 1984-ல் இரண்டு செய்திகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஹார்மோன் கொடுத்துக் கர்ப்பப்பையைத் தயார்செய்து, தானமாகக் கிடைத்த முட்டையிலிருந்து குழந்தை பெறவைத்ததை அறிவித்தது. அதே வருடம் கலிஃபோர்னியாவில் ஜான் பஸ்டர் குழுவினர் வேறு வழியில் சாதித்தார்கள். கொடுப்பவரின் கர்ப்பப்பைக்குள்ளேயே கரு உண்டாகவிட்டு, சில நாளில் அதைக் கழுவி எடுத்துப் பெறுபவரிடம் வைத்தார்கள். கழுவும்போது கரு வெளியே வராவிட்டால் கொடுத்த பெண்ணே கர்ப்பமாகிவிடலாம் என்ற அபாயம் அதில் இருந்தது. அந்த முறை நிலைக்கவில்லை. இன்று உலகம் முழுக்க நடப்பது மெல்போர்னில் தொடங்கிய வழிதான்.

கொடுப்பவருக்கு என்ன நடக்கிறது

இதைப் பெறுபவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களுக்காக ஒரு பெண் என்னென்ன தாங்குகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பரிசோதனைகள். ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் போன்ற தொற்றுகள், தலசீமியா போன்ற மரபுவழி நோய்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்ற விவரம், மனநல ஆலோசனை. பெரும்பாலும் 35 வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் 8 முதல் 12 நாட்கள் தினமும் ஹார்மோன் ஊசி. வழக்கமாக மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஊசியால் பல முட்டைகள் ஒரே சமயத்தில் முதிர்கின்றன. சினைப்பையில் உள்ள நீர்ப்பைகள் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்வரை ஸ்கேனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்ததும் கடைசியாக ஓர் ஊசி. அதிலிருந்து கணக்காக 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அவை தானாக வெளியேறிவிடும்.

எடுக்கும்போது ஆய்வகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று ஒருமுறை பார்த்தேன். மயக்க மருந்தில் அந்தப் பெண் தூங்குகிறார். ஸ்கேன் கருவியோடு இணைந்த நீளமான ஊசி, பிறப்புறுப்பு வழியாகச் சினைப்பைக்குப் போகிறது. திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும் நீர்ப்பைகள் ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. உறிஞ்சிய திரவம் சின்னக் குழாயில் வருகிறது. சிலது வெளிர் மஞ்சள், சிலதில் ரத்தம் கலந்திருக்கிறது. குழாய் ஆறிவிடக்கூடாது என்று கையோடு கையாக ஆய்வகத்துக்குக் கொடுக்கிறார்கள். அங்கே எம்ப்ரியாலஜிஸ்ட் என்ற கருவியல் நிபுணர் அதைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் குனிகிறார். முட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். இந்த வரியின் முடிவில் வைக்கும் புள்ளியைவிடச் சிறியது. ஆனால் அதைச் சுற்றி ஒரு துண்டு மேகம் போல செல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழகிய கண்ணுக்கு மாட்டிவிடும். "ஒண்ணு" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டு." மருத்துவர் அடுத்த நீர்ப்பைக்குப் போனார். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் கண்விழித்ததும் கேட்டது, "எத்தனை கிடைச்சுது?"

இதனால் அவருடைய முட்டைகள் தீர்ந்துபோகாது. அந்த மாதம் எப்படியும் கரைந்து போகவிருந்த முட்டைகளைத்தான் ஊசி காப்பாற்றி வளர்க்கிறது. ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும் நிலை ஒன்று உண்டு. கடைசி ஊசிக்கான மருந்தை மாற்றிக் கொடுப்பதால் இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ரத்தக்கசிவு, தொற்று போன்றவை அபூர்வமாக வரலாம். எத்தனை முறை கொடுக்க விடுகிறார்கள், பிறகு ஏதாவது ஆனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் மையத்தில் கேளுங்கள். கொடுப்பவரை ஒழுங்காக நடத்தாத இடம் உங்களையும் ஒழுங்காக நடத்தாது என்பது என் அனுபவம்.

உங்கள் பக்கம்

உங்களுக்கு ஊசி குறைவு, காத்திருப்பு அதிகம். கர்ப்பப்பையின் உள்வடிவம் சரியாக இருக்கிறதா, சதைக்கட்டி, ஒட்டுதல் ஏதாவது உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ ஒட்டும் பட்டையோ தருவார்கள். இதில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும். ஸ்கேனில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிட்டால் பெரும்பாலும் போதும். அதன்பிறகு புரோஜெஸ்டிரோன் தொடங்கும். இது தொடங்கிய நேரத்திலிருந்து உட்சுவரில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவுக்கும் அதே கணக்கு உண்டு. ஐந்து நாள் வளர்ந்த கருவை, புரோஜெஸ்டிரோன் ஐந்து நாள் பார்த்த கர்ப்பப்பையில் வைக்க வேண்டும். முன்னே பின்னே போனால் ஒட்டாது. அதனால் இந்த மருந்தை மட்டும் நேரம் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் மாதவிடாய்ச் சுழற்சியையும் மருந்தால் ஒன்றாக நகர்த்துவார்கள். இன்றும் சில இடங்களில் உண்டு. ஆனால் முட்டையை உறையவைக்கும் தொழில்நுட்பம் வந்தபிறகு அந்த அவசரம் குறைந்துவிட்டது. முட்டைக்குள் தண்ணீர் அதிகம். மெதுவாகக் குளிர்வித்தால் உள்ளே பனிப்படிகம் உண்டாகி முட்டையைக் கிழித்துவிடும். இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். படிகம் உண்டாக நேரமில்லாமல் முட்டை கண்ணாடி போல இறுகிவிடுகிறது. இந்த முறையைப் 'பரிசோதனை நிலையில் உள்ளது' என்ற பட்டியலிலிருந்து அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் எடுத்தது 2012-ல்தான். முட்டை வங்கிகள் பெருகியது அதன்பிறகு.

கருவை வைப்பதற்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. மெல்லிய குழாய் வழியாக ஒரு துளி திரவத்தில் கருவை உள்ளே விடுவார்கள். ஸ்கேன் திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும். பலர் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அது கரு இல்லை, கருவோடு போன காற்றுக்குமிழி. ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கரு அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு கருவை மட்டும் வையுங்கள் என்று நீங்களே கேட்பது நல்லது. இளம்பெண்ணின் முட்டை என்பதால் இரண்டு வைத்தால் இரண்டுமே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இரட்டை என்றதும் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். குறைப்பிரசவமும் ரத்த அழுத்தமும் கூடவே வரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பத்துப் பதினாலு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. கர்ப்பம் என்று வந்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சுழற்சியில் உங்கள் சினைப்பை ஹார்மோன் தருவதில்லை. பத்து, பன்னிரண்டு வாரத்தில் நஞ்சுக்கொடி அந்த வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளும்வரை மாத்திரைதான் கர்ப்பத்தைத் தாங்குகிறது.

கர்ப்பமானபிறகு அவசியம் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள்

மகப்பேறு பார்க்கும் மருத்துவரிடம் தானமுட்டை என்பதை மறைக்கிறவர்கள் உண்டு. செவிலியர் முன்னால் சொல்லக் கூச்சம். தயவுசெய்து மறைக்காதீர்கள். காரணம் ஒன்று: மூன்றாம் மாதத்தில் எடுக்கும் டவுன் சின்ட்ரோம் பரிசோதனையில் தாயின் வயதையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். அங்கே போட வேண்டியது முட்டை கொடுத்தவரின் வயது. 44 வயதுள்ள ஒருவர் தன் வயதையே எழுதிக் கொடுத்தார். 'ஆபத்து அதிகம்' என்று முடிவு வந்து, வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் வரைக்கும் பேச்சு போய்விட்டது. கொடுத்தவருக்கு வயது 27. அதைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டதும் முடிவு மாறியது. இடையில் அவர் தூங்காத நான்கு இரவுகளை யாரால் திருப்பித்தர முடியும்?

காரணம் இரண்டு: தானமுட்டையில் உண்டான கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி சிறுநீரில் புரதம் போகும் பிரச்சினை, வழக்கமான கர்ப்பங்களைவிடப் பல மடங்கு அதிகம். கரு முழுக்கவே மரபளவில் உங்களுக்கு அந்நியமானது என்பதால் உடலின் எதிர்ப்புச் சக்தி அதை ஏற்றுக்கொள்ளும் விதத்தில் உண்டாகும் சிக்கல் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மருத்துவருக்குத் தெரிந்தால் ஆரம்பத்திலிருந்தே ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார், தேவைப்பட்டால் தடுப்பு மருந்து தருவார். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக்கூடாது.

சரி, ஜாடை

குழந்தையின் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் உள்ள மரபணுக்களில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி முட்டை கொடுத்தவரிடமிருந்து வருகின்றன. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புகளில் 37 மரபணுக்கள் தனியாக உண்டு, அவையும் முட்டையோடு வருபவையே. ஆக, மரபணு என்று பார்த்தால் உங்களிடமிருந்து குழந்தைக்கு எதுவும் போவதில்லை. இதை மென்று விழுங்காமல் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. 'உங்கள் ரத்தம்தானே குழந்தைக்குள் ஓடுகிறது' என்று ஆறுதலுக்காகச் சொல்வார்கள். அது சரியில்லை. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் மெல்லிய சுவருக்கு இருபுறமும் ஓடுகின்றன. சத்தும் பிராணவாயுவும் கடக்கும், ரத்தம் கலக்காது. குழந்தை தன் ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ஆனால் சுமப்பது வெறும் இடம் கொடுப்பதும் இல்லை. மரபணு என்பது எழுதிய வாக்கியம் என்றால், அதில் எதை உரக்கப் படிப்பது, எதை மெல்லப் படிப்பது என்பதைச் சூழலும் தீர்மானிக்கிறது. உங்கள் ஊட்டச்சத்து, சர்க்கரை அளவு, மன அழுத்தம், மருந்துகள் எல்லாம் வளரும் குழந்தையைத் தொடுகின்றன. கடைசி மாதங்களில் அது உங்கள் குரலைக் கேட்கிறது. பிறந்தவுடனேயே மற்றப் பெண்களின் குரலிலிருந்து அதைப் பிரித்தறிகிறது. குழந்தையின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டி உங்கள் உடம்பில் வந்து, வருடக்கணக்கில் தங்கிவிடுகின்றன. இதைவிடப் பெரிதாக எதையும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மூக்கு உங்கள் மூக்காக இருக்காது. சிரிக்கும்போது தலையைச் சாய்ப்பது, கோபத்தில் கையை இடுப்பில் வைப்பது, ஒரு வார்த்தையை இழுத்துச் சொல்வது இதெல்லாம் குழந்தை வளர்ப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்வது. ஊரார் 'அப்படியே அம்மா' என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான்.

இன்னொன்று. சொந்த முட்டை இல்லை என்று தெரிந்ததும் வரும் துக்கம் நிஜமான துக்கம். பிறக்காத ஒரு குழந்தைக்கான துக்கம் அது. அதைத் தாண்டி வராமல் அடுத்த மாதமே சிகிச்சைக்கு ஓடுகிறவர்களுக்கு, கர்ப்பமான பிறகு அது திரும்பி வந்து நிற்கிறது. கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தானமுட்டையில் கிடைக்கும் வாய்ப்பு மூன்று மாதத்தில் ஒன்றும் கைநழுவிவிடாது. யோசித்தபிறகு 'எனக்கு வேண்டாம்' என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். தத்தெடுப்பதோ, குழந்தை இல்லாமலே வாழ்வதோ தோல்வியின் பெயர்கள் இல்லை.

தெரிந்தவரா, தெரியாதவரா?

சில இடங்களில் கொடுப்பவர் யார் என்றே தெரியாது. உயரம், நிறம், ரத்த வகை, படிப்பு போன்ற விவரங்கள் மட்டும் தருவார்கள். சில இடங்களில் தங்கையோ தோழியோ கொடுக்கலாம். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. ஜெர்மனி 1990-ல் இயற்றிய சட்டத்தில் முட்டை தானத்தையே தடைசெய்தது. ஸ்பெயினில் பெயர் வெளியிடக்கூடாது என்பது சட்டம். பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்தவர்களின் அடையாளத்தை, பிறந்த குழந்தை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவின் 2021 சட்டப்படி 23 முதல் 35 வயது வரை உள்ள பெண், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம். நீங்கள் சிகிச்சை எடுக்கும் இடத்தின் சட்டத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை கொடுக்கிறாள் என்றால் நெருக்கமும் கிடைக்கும், சங்கடமும் கிடைக்கும். அவளைத் தனியாக, உங்கள் குடும்பத்தார் யாரும் இல்லாமல் ஆலோசகர் சந்திக்க வேண்டும். 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அவள் மறுத்தால், மருத்துவக் காரணத்தால் தகுதி இல்லை என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லிவிடுவது பல ஆலோசகர்களின் வழக்கம். அது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'வெற்றி விகிதம் எவ்வளவு' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையே வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. 'ஒரு கரு வைத்தால் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்' என்று கேளுங்கள். முட்டைகள் உங்களுக்கு மட்டுமா, வேறொருவரோடு பகிர்ந்தா, உறைந்தவையா, பனி உருகும்போது பிழைக்காவிட்டால் என்ன ஏற்பாடு, கொடுத்தவரின் மருத்துவ விவரங்களை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

குழந்தையிடம் சொல்வது

கடைசி விஷயத்தை எட்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். என்னைக் கேட்டால், கருவை வைப்பதற்கு முன்பே கணவனும் மனைவியும் பேசி முடிக்க வேண்டியது இது. வீட்டிலிருந்தபடியே எச்சிலை அனுப்பி மரபணுவைப் பார்த்துவிடும் காலத்தில் ரகசியம் நீடிக்கும் என்று எண்ண முடியாது. அதைவிட முக்கியம், குழந்தை வளர்ந்து மருத்துவரிடம் போகும்போது 'அம்மா பக்கம் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா' என்று கேட்பார்கள். தப்பான பதிலை வைத்துக்கொண்டு அவள் வாழக்கூடாது.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்பாக், கொடையால் பிறந்த குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து 20 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தார். 2023-ல் வந்த முடிவுகளில், அந்தப் பிள்ளைகளின் மனநலம் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது. ஏழு வயதுக்கு முன்பே விஷயம் தெரிந்தவர்களின் வீடுகளில் உறவு இன்னும் இதமாக இருந்தது. சின்ன வயதில் கேட்ட குழந்தைக்கு அது அதிர்ச்சியாக இருப்பதில்லை. தான் பிறந்த ஊர் எது என்பது மாதிரி, எப்போதும் தெரிந்த ஒன்றாகிவிடுகிறது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களிடம், குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கும் முன்பே சொல்லிப் பழகுங்கள் என்பேன். பயிற்சி குழந்தைக்கு இல்லை, உங்கள் நாக்குக்கு. ஆரம்பத்தில் சொன்னேனே, ஜாடையைப் பற்றிக் கேட்ட கேள்வி. அப்படிக் கேட்ட ஒருவர், மூன்று மாதக் குழந்தைக்கு உடை மாற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாராம். "நீ பிறக்க ஒரு குட்டி முட்டை வேணும். அம்மாகிட்ட இல்ல. நல்ல மனசுள்ள ஒருத்தங்க கொடுத்தாங்க. அப்புறம் நீ அம்மா வயித்துல வளர்ந்தே." முதல் நாள் இரண்டாவது வாக்கியத்தில் அழுகை வந்து நிறுத்திவிட்டார். இரண்டாவது வாரம் முழுதாகச் சொல்லி முடித்தார். ஆறாவது மாதத்தில் தொலைபேசியில் என்னிடம் பேசும்போது, அந்த நாலு வரியைச் சொன்னால் குழந்தை காலை உதைத்துச் சிரிக்கிறாள், இன்னொரு தடவை சொல் என்கிற மாதிரி பார்க்கிறாள் என்றார்.